ஊசி பிடிக்கும் கையும் அலை படிக்கும் அறிவும்

நரம்பு மின்சோதனையைச் செய்யவும் அதன் முடிவைச் சொல்லவும் உரிமை யாருக்கு? அமெரிக்க மாநிலங்கள் வகுத்த சட்டங்களும், நீதிமன்றங்கள் தந்த விளக்கங்களும், நோயாளியின் பக்கம் நின்று கேட்க வேண்டிய கேள்விகளும்

கை மரத்துப்போதல், கால் எரிச்சல், பிடிமானம் தளர்தல், பாதம் தொங்கிப்போதல் ஆகிய குறைகளோடு வருபவருக்குப் பழுது நரம்பில் உள்ளதா தசையில் உள்ளதா, நரம்பில் எனில் எந்த இடத்தில், எந்த அளவுக்கு என்று அறிய மருத்துவம் கைக்கொள்ளும் வழிகளுள் முதன்மையானது நரம்பு மின்சோதனை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உடலின் அமைப்பைக் காட்டுகிறது. நரம்பு தன் வேலையை எவ்வாறு செய்கிறது என்பதை மின்சோதனையே காட்டுகிறது. அறுவைச் சிகிச்சை தேவையா, மருந்து போதுமா, குணமாகும் நோயா, உயிரைக் குடிக்கும் நோயா என்னும் முடிவுகள் பலவும் இச்சோதனையின் அறிக்கையை நம்பியே எடுக்கப்படுவதால், அந்த அறிக்கையை உருவாக்கும் தகுதி யாருக்கு உண்டு என்பது ஒவ்வொரு நோயாளியையும் தொடுகின்ற கேள்வியாகிறது.

அமெரிக்காவின் மாநிலங்கள் இக்கேள்விக்கு ஒன்றுக்கொன்று மாறுபட்ட விடைகளைத் தந்துள்ளன. நியூ ஜெர்சி, ஊசி கொண்டு செய்யும் சோதனையை மருத்துவரைத் தவிர வேறெவரும் செய்யலாகாது என்கிறது. வாஷிங்டன் மாநிலம், கூடுதல் பயிற்சியை மெய்ப்பித்த பிசியோதெரபிஸ்டுக்குப் பரிந்துரையின் பேரில் அதனை அனுமதிக்கிறது. கலிபோர்னியா, ஊசியைச் செலுத்தும் உரிமையைத் தந்துவிட்டு அதற்குப் பொருள் உரைக்கும் உரிமையை நிறுத்திவைக்கிறது. ஒரே உடலுக்கு, ஒரே நரம்புக்கு, மாநில எல்லையைக் கடந்தவுடன் விதி மாறுவது ஏன் என்று ஆராய்ந்தால், உரிமம் என்பது எதைக் காக்க வேண்டும் என்ற அடிப்படை வினாவுக்கு வந்து சேர நேர்கிறது.

இரு சோதனைகள், ஓர் ஆய்வு

நரம்பு மின்சோதனை என்று பொதுவாகச் சொல்லப்படுவது இரண்டு பகுதிகளால் ஆனது. முதலாவது நரம்புக் கடத்தல் சோதனை. தோலின் மீது மின்முனைகளை ஒட்டி, நரம்பின் ஓரிடத்தில் சிறு மின்னதிர்வு கொடுத்து, அத்தூண்டல் மற்றோரிடத்தை எவ்வளவு நேரத்தில், எவ்வளவு வலுவோடு சென்றடைகிறது என்று அளப்பது. பெரியவர்களுக்குக் கை நரம்புகளில் வினாடிக்குச் சுமார் 50 மீட்டருக்கும், கால் நரம்புகளில் சுமார் 40 மீட்டருக்கும் குறையாத வேகம் இயல்பானதாகக் கொள்ளப்படுகிறது. இரண்டாவது ஊசித் தசை மின்பதிவு, அதாவது மருத்துவமனைகளில் இ.எம்.ஜி. என்று வழங்குவது, மெல்லிய ஊசி மின்முனையைத் தசைக்குள் செலுத்தி, தசை ஓய்ந்திருக்கும்போதும் சுருங்கும்போதும் எழும் மின்னலைகளைத் திரையில் கண்டும் ஒலிபெருக்கியில் கேட்டும் ஆராய்வது. நரம்புத் தொடர்பை இழந்த தசை இழைகள் ஓய்வு நிலையிலும் தாமாகவே துடிப்பதால் எழும் ஒலி, தகரக் கூரையில் தூறல் விழுவதைப் போல் கேட்கும். பழகிய காது அதைத் திரையைப் பார்க்கும் முன்பே அடையாளம் கண்டுகொள்ளும்.

இக்கலை மருத்துவமனையில் பிறக்கவில்லை, உடலியங்கியல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. இத்தாலியின் லூயிஜி கால்வானி 1791இல் தவளைக் காலின் துடிப்பைக் கொண்டு உயிருடலின் மின்சாரத்தைப் பற்றி எழுதினார். ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளை நரம்பில் தூண்டல் செல்லும் வேகத்தை அளந்தார். எட்கர் ஏட்ரியனும் டெட்லெவ் பிராங்கும் 1929இல் ஒருமைய ஊசி மின்முனையை அறிமுகப்படுத்தினர். 1948ஐ ஒட்டிய ஆண்டுகளில் மனிதரின் நரம்புக் கடத்தலை அளக்கும் முறை நோயறிதலுக்குப் பயன்படத் தொடங்கியது. அமெரிக்காவில் இத்துறை மருத்துவர்களின் சங்கம் 1953இல் தோன்றியது. அதுவே இன்று நரம்புத்தசை மற்றும் மின்நோயறிதல் மருத்துவத்துக்கான அமெரிக்கச் சங்கம் என்ற பெயரில் மின்னசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் இயங்குகிறது.

இவ்விரு சோதனைகளும் கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளும் வேலையாக வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றக்கூடும். உண்மையில், அந்த எண்ணைப் பிழையாக்கும் காரணங்கள் பல. கை குளிர்ந்திருந்தால், தோலின் வெப்பம் 1 டிகிரி குறைவதற்குக் கடத்தல் வேகம் வினாடிக்குச் சுமார் 2 மீட்டர் குறையும். கையைச் சூடாக்காமல் சோதித்தவர் நலமுள்ள நரம்பை நோயுற்றதாக எழுதிவிடுவார். நூற்றில் சுமார் 15 முதல் 30 பேருக்கு முன்கையில் மீடியன் நரம்பிலிருந்து அல்நார் நரம்புக்குக் குறுக்கே செல்லும் இணைப்பிழைகள் பிறவியிலேயே உண்டு. மார்ட்டின் - குரூபர் இணைப்பு எனப்படும் இந்த இயல்பான மாறுபாட்டை அறியாதவர், முழங்கையில் நரம்பு அழுந்தியிருப்பதாகக் கருதித் தேவையற்ற அறுவைச் சிகிச்சைக்கு வழி வகுக்கக்கூடும். நரம்பு அறுபட்ட சில நாட்களுக்குள் சோதித்தால், அறுபட்ட இடத்துக்குக் கீழுள்ள பகுதி இன்னும் மின்தூண்டலைக் கடத்திக்கொண்டிருக்கும். ஊசிச் சோதனையில் தசையின் தானியங்கு துடிப்புகள் தெளிவாகத் தெரிய இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். ஆகையால் எப்போது சோதிக்க வேண்டும் என்பதே ஒரு மருத்துவ முடிவாகிறது.

அடுத்த தசை எது?

உரிமச் சர்ச்சையின் நடுப்புள்ளியை விளங்கிக்கொள்ளப் பாதம் தொங்கும் நோயாளி ஒருவரின் சோதனை எவ்வாறு நடைபெறும் என்று பார்ப்பது போதும். பாதத்தை மேல்நோக்கி உயர்த்தும் முன்கால் தசையில் ஊசி வைத்தபோது நரம்புத் தொடர்பு பழுதுபட்ட அறிகுறி தெரிகிறது என்று கொள்வோம். அப்பழுது முழங்காலின் வெளிப்புறத்தில் எலும்பைச் சுற்றிச் செல்லும் பெரோனியல் நரம்பு அழுந்தியதால் வந்திருக்கலாம், அல்லது முதுகெலும்பின் அடிப்பகுதியில் ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர் நசுங்கியதால் வந்திருக்கலாம். முன்கால் தசை இவ்விரண்டையும் சார்ந்திருப்பதால் அதை மட்டும் வைத்து விடை சொல்ல இயலாது. பாதத்தை உட்புறமாகத் திருப்பும் ஆழத்தசையோ அதே ஐந்தாம் வேரிலிருந்து இழைகளைப் பெற்றாலும் வேறொரு நரம்பின் வழியே பெறுகிறது. ஆகவே அடுத்த ஊசி அந்த ஆழத்தசைக்குச் செல்ல வேண்டும்: அங்கும் பழுது தெரிந்தால் நரம்பு வேரே குற்றவாளி என்ற எண்ணம் வலுப்பெறும், அங்கே இயல்பு நிலை இருந்தால் முழங்காலை நோக்கிக் கவனம் திரும்பும். இவற்றுக்கு மாறாக மறு காலிலும், கைகளிலும், நாக்கிலும்கூடப் பழுது பரவியிருப்பதாகத் தெரிந்தால், இயக்க நரம்பணுக்களை அழிக்கும் ஏ.எல்.எஸ். என்னும் கொடிய நோயை எண்ணிப் பார்க்க வேண்டியதாகும்.

இதிலிருந்து பெறப்படுவது தெளிவானது. ஒரு தசையில் கிடைத்த அலைக்கு அக்கணமே பொருள் காண்பவரே அடுத்த தசையைத் தேர்ந்தெடுக்க முடியும். பொருள் காணும் உரிமை இல்லாதவர் எழுதிவைத்த பட்டியலின்படி ஊசி குத்தி முடித்த பிறகு, எங்கோ இருக்கும் மற்றொருவர் அப்பதிவைப் படித்தால், கேட்கத் தவறிய கேள்விக்கு விடை அதில் இருக்காது. நரம்புக் கடத்தல் சோதனையில் அலைகள் தாளில் நிலைத்து நிற்பதால், நன்கு பயின்ற தொழில்நுட்பர் பதிவுசெய்து மருத்துவர் பின்னர் படிப்பது பெருமளவுக்கு இயல்கிறது. ஊசிச் சோதனைக்கு அத்தகைய பிரிவினை பொருந்துவதில்லை. துறைச் சங்கத்தின் நிலைப்பாடும் இந்த வேறுபாட்டின் மீதே கட்டப்பட்டுள்ளது: கடத்தல் சோதனையை மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் தொழில்நுட்பர் செய்யலாம், ஊசிச் சோதனையை மருத்துவரே செய்து, அந்த இடத்திலேயே பொருள் காண வேண்டும். விலாவை ஒட்டிய தசைகளிலும் உதரவிதானத்திலும் ஊசி வழி தவறினால் நுரையீரல் உறையில் காற்றுப் புகும் ஆபத்து உண்டு. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவருக்குத் தசைக்குள் கசிவு ஏற்படும் ஆபத்தும் உண்டு.

உரிமம் தரும் அதிகாரம்

அமெரிக்காவில் மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களிடம் உள்ளது. தகுதித் தேர்வும் உரிமமும் இன்றி மருத்துவம் பார்ப்பதைத் தடைசெய்த மேற்கு வர்ஜீனியச் சட்டம் செல்லும் என்று டென்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1889இல் அளித்த தீர்ப்பு இதற்கு உறுதியான அடித்தளம் அமைத்தது. ஒவ்வொரு மாநிலமும் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், கைரோபிராக்டர் எனப்படும் முதுகெலும்பு மற்றும் மூட்டுச் சீரமைப்புத் தொழிலர், மருத்துவரின் உதவியாளராகப் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியர் ஆகிய ஒவ்வொருவரும் எந்த எல்லைவரை செயல்படலாம் என்று தனித்தனிச் சட்டத்தால் வரையறுக்கிறது. நரம்பு மின்சோதனை இந்த எல்லைகள் சந்திக்கும் இடத்தில் நிற்பதால் வழக்குகள் எழுந்தன.

நியூ ஜெர்சியில், மருத்துவர் ஒருவரிடம் பணிபுரிந்த மருத்துவ உதவியர் செய்த ஊசிச் சோதனைகளுக்கு வாகன விபத்துக் காப்பீட்டின் கீழ்ப் பணம் தர வேண்டுமா என்ற தகராறு மாநில உச்ச நீதிமன்றம்வரை சென்றது. மருத்துவர் தம் மேற்பார்வையில் பல பணிகளை உதவியரிடம் ஒப்படைக்கலாம் என்று ஒரு சட்டம் சொல்ல, ஊசித் தசை மின்பதிவை மருத்துவ உரிமம் பெற்றவரைத் தவிர எவரும் செய்யக் கூடாது என்று மற்றொரு சட்டம் சொல்லியது. குறிப்பாகச் சொல்லப்பட்ட தடையே நிற்கும், பொதுவான ஒப்படைப்பு அதிகாரத்தால் அதனைக் கடக்க முடியாது என்று 2012இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே 2012இல் டெக்சாஸ் மாநிலத்தின் மூன்றாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு வகையான சிக்கலை அவிழ்த்தது. அங்கே கைரோபிராக்டிக் தொழிலின் எல்லைக்குள் கீறல் செயலும் அறுவைச் செயலும் வரமாட்டா என்று சட்டம் கூறியிருந்தது. நோயறியும் சோதனைக்காக இரத்தம் எடுக்க ஊசி பயன்படுத்துவது மட்டும் அத்தடைக்கு விலக்கு. கத்தியால் வெட்டுவது போன்றதே கீறல் என்று பொருள்கொண்டு, ஊசித் தசை மின்பதிவை அனுமதித்து அத்தொழிலின் உரிமக் குழு விதி வகுத்தது. இரத்தம் எடுக்கும் ஊசியைப் பெயர் சொல்லி விலக்கிய சட்டமன்றம் ஏனைய ஊசிகளைத் தடைக்குள் வைத்ததாகவே கொள்ள வேண்டும் என்ற முறையில் நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்றது. பின்னர் 2021இல், தலைச்சுற்றலும் சமநிலைக் குறையும் உள்ளவர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்யும் சோதனை பற்றியும், தொழிலின் வரையறைக்குள் நரம்புகள் என்ற சொல் இடம்பெறலாமா என்பது பற்றியும் எழுந்த வழக்கில், டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் கைரோபிராக்டிக் குழுவின் விதிகளை ஏற்றுக்கொண்டது. இரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், சட்டமன்றம் எழுதிய சொற்களை எல்லையாகக் கொண்டே நீதிபதிகள் முடிவு கண்டனர் என்பதும், எந்தத் தொழில் உயர்ந்தது என்ற விவாதத்துக்குள் அவர்கள் செல்லவில்லை என்பதும் விளங்கும். ஆகவே சட்டத்தின் வாசகத்தைக் கவனமாக எழுதும் பொறுப்பு சட்டமன்றத்துக்கே உரியது.

கலிபோர்னியாவின் வழி தனித்தன்மை கொண்டது. மருத்துவரின் அனுமதியும் உரிமக் குழுவின் தனிச் சான்றும் பெற்ற பிசியோதெரபிஸ்ட் நரம்புத்தசைச் செயல்பாட்டை மதிப்பிடுவதற்காகத் திசுவுக்குள் ஊசியைச் செலுத்தலாம். ஆனால் கிடைத்த தரவிலிருந்து நோய் இன்னது என்றோ, அது இவ்வாறு முடியும் என்றோ பொருள் உரைக்கக் கூடாது. செய்வதையும் பொருள் காண்பதையும் சட்டம் இரண்டாகப் பிரித்த தெளிவான எடுத்துக்காட்டு இதுவே. இரு தொழில்களுக்கும் இடையே சமரசம் காணும் நல்ல நோக்கம் இதில் தெரிகிறது. ஆயினும் முன்னர்க் கண்ட பாதம் தொங்கும் நோயாளியை இவ்விதியின் முன் நிறுத்தினால், அடுத்த தசையைத் தேர்ந்தெடுப்பவர் மனத்துக்குள் நோயை ஊகிக்காமல் எவ்வாறு தேர்ந்தெடுப்பார் என்ற கேள்விக்கு விதியில் இடமில்லை.

பணம் வகுக்கும் விதி

உரிமச் சட்டத்துக்கு இணையாக நடைமுறையை வடிவமைப்பது பணம் தருபவரின் விதி. முதியோருக்கும் உடற்குறை உடையோர் சிலருக்கும் அமெரிக்க அரசு நடத்தும் மெடிகேர் காப்பீடு, நோயறியும் சோதனைகளுக்கு மூன்று நிலைக் கண்காணிப்பை வகுத்துள்ளது. மருத்துவரின் பொதுவான வழிகாட்டல் இருந்தால் போதும் என்பது பொதுக் கண்காணிப்பு. மருத்துவர் அழைத்தவுடன் உதவக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது நேரடிக் கண்காணிப்பு. சோதனை நடக்கும் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது நேர்முகக் கண்காணிப்பு. பிசியோதெரபி சிறப்புத் தகுதிகளுக்கான அமெரிக்க வாரியத்தின் மின்உடலியங்கியல் சான்று பெற்றவர், மாநிலச் சட்டம் இடம் தந்தால், இச்சோதனைகளைத் தாமே செய்யவும் மெடிகேர் ஒப்புகிறது. நியூ ஜெர்சியில் மூடிய கதவு வேறிடத்தில் திறந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தகுதி விதி தளரும்போது என்ன நிகழும் என்பதை அமெரிக்கச் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2014இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. 2011ஆம் ஆண்டில் மெடிகேர் இச்சோதனைகளுக்காகச் சுமார் 48.6 கோடி டாலர் செலவிட்டது. அவற்றுள் 4,901 மருத்துவர்கள் அனுப்பிய, சுமார் 13.9 கோடி டாலர் மதிப்புள்ள கட்டணப் பட்டியல்கள் ஐயத்துக்கு இடமானவை என்று அவ்வறிக்கை குறித்தது. ஐயத்துக்கு இடமான பட்டியல் எல்லாமே மோசடி என்று பொருளாகாது. எனினும், கடத்தல் சோதனையும் ஊசிச் சோதனையும் சேர்ந்து நடைபெறாத பட்டியல்கள் மிகுதியாக இருத்தல், மருத்துவரின் இடத்துக்கும் நோயாளியின் இடத்துக்கும் இடைத்தூரம் அளவுக்கு மீறி இருத்தல் ஆகியவற்றை அலுவலகம் அளவுகோல்களாகக் கொண்டது கருதத்தக்கது. கருவியைச் சுமந்து ஊர் ஊராகச் செல்லும் ஒருவர் பதிவு எடுக்க, நோயாளியைக் கண்ணால் காணாத மருத்துவர் தொலைவிலிருந்து கையொப்பமிடும் முறையின் பலவீனம் இந்த அளவுகோல்களில் வெளிப்படுகிறது. ஒவ்வொரு நரம்புக்கும் தனித்தனியே பணம் தந்த பழைய முறை, தேவைக்கு மேல் நரம்புகளைச் சோதிக்கத் தூண்டியது என்ற குறையும் இருந்தது. 2013முதல் சோதனைகளின் எண்ணிக்கையைத் தொகுத்துக் கட்டணம் வகுக்கும் புதிய குறியீடுகள் நடைமுறைக்கு வந்தன.

எதிர்வாதத்தின் வலிமை

மருத்துவருக்கு மட்டுமே உரிமை என்ற நிலைப்பாட்டுக்கு எதிராகப் பிசியோதெரபிஸ்டுகள் முன்வைக்கும் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மருத்துவப் பட்டம் பெற்ற எவரும் இச்சோதனையில் தேர்ந்தவர் என்று கொள்ள முடியாது. மின்பதிவு ஊசியைக் கையால் தொட்டறியாத மருத்துவருக்குச் சட்டம் இடமளித்துவிட்டு, அதற்கெனவே பல ஆண்டு பயின்று வாரியத் தேர்வில் வென்ற பிசியோதெரபிஸ்டைத் தடுப்பது எவ்வகையில் நோயாளியைக் காக்கும் என்று அவர்கள் கேட்கின்றனர். அமெரிக்கப் படைத்துறை மருத்துவமனைகளில் பிசியோதெரபிஸ்டுகள் நெடுங்காலமாக இச்சோதனையைச் செய்து வருவதையும், நரம்பியல் மருத்துவர் இல்லாத ஊரகப் பகுதிகளில் நோயாளிகள் காத்திருக்க நேர்வதையும் அவர்கள் சுட்டுகின்றனர்.

உரிமக் குழுவில் அமர்ந்திருப்பவர்கள் தங்கள் தொழிலின் வருமானத்தைக் காக்க வேலி கட்டலாம் என்ற அச்சமும் கற்பனையன்று. பல் வெண்மையாக்கும் சேவையைப் பல் மருத்துவரல்லாதார் செய்வதைத் தடுத்த வட கரோலினாவின் பல் மருத்துவக் குழு தொடர்பான வழக்கில், அதே தொழிலில் ஈடுபட்டிருப்பவர்களின் கட்டுப்பாட்டில் உள்ள குழு, மாநில அரசின் செயலூக்கமுள்ள மேற்பார்வை இல்லாவிட்டால், வணிகப் போட்டியை முடக்குவதற்கு எதிரான சட்டத்திலிருந்து விலக்குக் கோர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. நரம்பு மின்சோதனை விதிகளை வகுப்போரும் இந்த எச்சரிக்கையை நெஞ்சில் நிறுத்த வேண்டியவர்களே.

இவ்வாதங்களை எடைபோட்டால், பட்டத்தின் பெயரை மட்டும் பார்க்கும் விதி இரு வகையில் தவறக்கூடும் என்பது புலனாகிறது: பயிலாதவரை உள்ளே விடலாம், பயின்றவரை வெளியே நிறுத்தலாம். மின்நோயறிதல் மருத்துவத்துக்கான அமெரிக்க வாரியம், தன் சான்றை நாடும் மருத்துவர் பயிற்சிக் காலத்தில் மேற்பார்வையின் கீழ் 200 முழு ஆய்வுகளையும், அதன்பின் தனித்துநின்று மேலும் 200 ஆய்வுகளையும் செய்திருக்க வேண்டும் என்று கேட்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. உரிமத்தின் உயிர் இத்தகைய பயிற்சியில் உள்ளது. மருத்துவர் ஆயினும் பிசியோதெரபிஸ்ட் ஆயினும், ஊசியைப் பிடிப்பவர் நோயைப் பிரித்தறியும் பயிற்சியும் தேர்வும் கடந்தவராக இருத்தல் வேண்டும். அத்தகையவருக்கு ஊசி தரப்படுமானால், பொருள் காணும் கடமையும் அவரிடமே இருத்தல் வேண்டும். அக்கடமையைத் தர அஞ்சும் சட்டம் ஊசியையும் தரலாகாது.

அறிக்கையில் இடம்பெற வேண்டியவை

நோயாளியைக் காக்கும் விதி ஒன்றை எழுத முற்படும் எந்த அரசும் சிலவற்றைக் கட்டாயமாக்கலாம். சோதனை அறிக்கையில் கையின் வெப்பநிலை, சோதித்த நரம்புகளின் அலைப்பதிவு, ஊசி வைத்த தசைகளின் பட்டியல் ஆகியவை இடம்பெறுதல். பதிவு எடுத்தவரின் பெயரும் தகுதியும், பொருள் உரைத்தவரின் பெயரும் உரிம எண்ணும் தனித்தனியே குறிக்கப்படுதல். கடத்தல் சோதனையைச் சான்று பெற்ற தொழில்நுட்பர் செய்யும்போது பொறுப்புள்ள மருத்துவர் அழைத்தால் வரும் தொலைவில் இருத்தல். மருத்துவர் குறைந்த பகுதிகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் தேர்ந்த ஆய்வாளரே நேரில் செல்ல அரசு ஏற்பாடு செய்தல். இவற்றுள் எதுவும் பெரும் செலவு பிடிப்பதன்று.

இந்தியாவுக்கும் இக்கேள்வி தொலைவில் இல்லை. 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், தன் அட்டவணையில் பிசியோதெரபிஸ்டுகளோடு, மூளை மின்பதிவு, தசை மின்பதிவு ஆகியவற்றின் தொழில்நுட்பர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்துள்ளது. இதுவரை பெயரே இல்லாமல் ஆய்வுக்கூடத்தின் மூலையில் உழைத்தவர்களுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது நல்ல தொடக்கம். எந்தச் சோதனையை யார் செய்யலாம், யார் முன்னிலையில் செய்யலாம், அலைக்கு யார் பொருள் உரைக்கலாம் என்ற அடுத்த கட்ட வரையறைகளை எழுதும்போது, நியூ ஜெர்சியும் டெக்சாஸும் கலிபோர்னியாவும் கடந்து வந்த வழியை இங்குள்ளோர் பாடமாகக் கொள்ளலாம்.

அதுவரை, சோதனைக் கட்டிலில் கை நீட்டிப் படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு கேள்விகளைக் கேட்கும் உரிமை உண்டு: இந்த ஊசியைச் செலுத்துபவர் எங்கே, எத்தனை ஆய்வுகளில் பயின்றவர், இதிலிருந்து கிடைக்கும் முடிவில் கையொப்பமிடுபவர் இந்த அறையில் இருக்கிறாரா. இவ்விரண்டுக்கும் தயக்கமின்றி விடை சொல்லக்கூடிய சோதனைக்கூடத்தில்தான் நரம்பின் அலையை நம்பி ஒருவர் அறுவை அரங்குக்குள் செல்லலாம்.